ஊசியின் மேல் விழுந்த பழி

(மலேசியாவின் கோப்பெங்கில் நவம்பர் மாதம் நடந்த நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். 1891-இல் அதே நாளில்தான் கனடாவில் பிரெடரிக் பேன்டிங் பிறந்தார். இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவின் முதல் பெயர் அவருடையது. அவர் பிறந்த மாதத்தில் இன்சுலினைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குப் பேச ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளை நீண்ட காலம் வாழ முடியும். நன்றாகவும் வாழ முடியும். அதற்குக் குறுக்கே நிற்பது நோயைக் காட்டிலும் நம்முடைய பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

நம் வீடுகளில் இனிப்பு நீர் தெரியாதவர் யார்? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவோடு வாழ்கிறார் என்று சொன்னது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். தாத்தாவுக்குக் கால் விரலை எடுத்ததைப் பார்த்திருக்கிறோம். அத்தை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனதைப் பார்த்திருக்கிறோம். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் பேசிக்கொள்வது என்ன? "நல்லாத்தான் இருந்தாரு. ஊசி போட ஆரம்பிச்சாங்க, அதோட முடிஞ்சிருச்சு."

கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தப் பெரியவருக்கு நோய் வந்து எத்தனை வருடம்? பத்து, பதினைந்து. அது இரண்டாம் வகை நீரிழிவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. விடியற்காலையில் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவருக்கும், பிறகு லாரி ஓட்டியவருக்கும், வலிக்காத நோய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளினிக்கில் காத்திருக்க முடியவில்லை. அத்தனை வருடமும் சீனி உள்ளே சிறுநீரகத்தையும் நரம்பையும் கண்ணையும் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில்தான் டாக்டர் இன்சுலின் எழுதினார். அடுத்த வருடம் கால் போனது. பழி யார் மேல் விழுந்தது? கடைசியாக வந்த ஊசியின் மேல்!

அந்தப் பழிதான் இன்று ஒரு எட்டு வயதுப் பிள்ளையைத் துரத்துகிறது. பிள்ளைக்கு இன்சுலின் என்றதும் பாட்டி நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். "இந்த வயசிலேயே ஊசியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சிலர் தாயைப் பார்த்தே கேட்கிறார்கள்: "ரொம்ப இனிப்புக் கொடுத்து வளர்த்தியா?"

தாய்மார்களே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகை நீரிழிவு மிட்டாயால் வருவது கிடையாது. மைலோவால் வருவது கிடையாது. நீங்கள் எதைக் கொடுத்ததாலும், எதைக் கொடுக்காததாலும் வருவது கிடையாது. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடலின் தற்காப்புச் சக்தி, ஆளைத் தவறாக அடையாளம் கண்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுகிறது. பெரியவருக்கு வந்த இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கும். போதாது, அல்லது உடல் அதற்குக் கட்டுப்படாது. இந்தப் பிள்ளைக்கோ அது அறவே இல்லாமல் போய்விடுகிறது. அவருக்கு இன்சுலின் பல மருந்துகளில் ஒன்று. இந்தப் பிள்ளைக்கு அது மூச்சுக்காற்று.

மூச்சுக்காற்று என்று சொல்கிறேனே, மிகைப்படுத்துகிறேனா? 1922-க்கு முந்திய காலத்தைப் பாருங்கள்.

அப்போது எலிசபெத் ஹியூஸ் என்றொரு சிறுமி இருந்தாள். சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லை. அவள் தகப்பனார் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். பதினோரு வயதில், 1919-இல், அவளுக்கு இந்த நோய் வந்தது. பணத்துக்குக் குறைவில்லை, பெரிய டாக்டர்களுக்கும் குறைவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோற்றைக் குறைத்தால் சாவு கொஞ்ச காலம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மூன்று வருடம் அந்தப் பிள்ளை எடைத்தட்டில் அளந்த இலை தழையையும் துளி இறைச்சியையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1922 ஆகஸ்டில், பதினைந்து வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது, டொரோண்டோவில் பேன்டிங்கிடம் கொண்டுவந்தார்கள். அப்போது அவள் எடை சுமார் 20 கிலோ. நம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை!

அமைச்சர் மகளுக்கே அந்த நிலை என்றால், அதே வருடத்தில் நம் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு இது வந்திருந்தால்? தாகம் தாகம் என்று தண்ணீர் கேட்டு, மெலிந்து, வாந்தி எடுத்து, மூச்சிரைத்துக் கண்ணை மூடியிருக்கும். காத்துக் கருப்பு என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். அப்படிப் போன பிள்ளைகளுக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இருக்காது.

எலிசபெத்துக்கு ஏழு மாதம் முன்பே, 1922 ஜனவரி 11-ஆம் தேதி, டொரோண்டோ பொது மருத்துவமனையில் பதினான்கு வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போட்டிருந்தார்கள். மருந்து சுத்தமாக இல்லை. போட்ட இடம் சீழ் பிடித்தது. ஜேம்ஸ் கோலிப் என்ற வேதியியல் வல்லுநர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் தேதி மறுபடியும் போட்டார்கள். இறந்துகொண்டிருந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். பேன்டிங்கோடு உழைத்த பெஸ்ட்டும், கோலிப்பும் இன்சுலினின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பேன்டிங் முதலில் தன் பெயரை அதில் சேர்க்கவே ஒப்பவில்லை. உலகத்தில் பணம் கொட்டியிருக்கக்கூடிய ஒரு மருந்தை இப்படிக் கொடுத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

எலிசபெத் என்ன ஆனார்? படித்தார். திருமணம் செய்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்றார். 1981-இல், தன் எழுபத்து மூன்றாவது வயதில்தான் மறைந்தார். ஐம்பத்தெட்டு வருடத்தில் அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊசி போட ஆரம்பித்ததும் முடிந்துவிட்டதா? ஊசி போட ஆரம்பித்ததும்தானே ஆரம்பித்தது!

இன்னொரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பார் போரை நம் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்துக்குச் சற்றுத் தெற்கே நடந்த சண்டை. அதன் பிறகு ஜப்பான்காரன் காலம். அரிசி இல்லை, மரவள்ளிதான். மருந்து என்ற பேச்சே இல்லை. அதே உலகப்போர் ஷாங்காய் நகரத்தையும் பிடித்தது. ஹிட்லருக்குத் தப்பி அங்கே வந்திருந்த ஈவா சாக்ஸல் என்ற இளம் பெண்ணுக்கு அப்போதுதான் முதல் வகை நீரிழிவு வந்திருந்தது. மருந்துக்கடைகள் அடைபட்டன. இன்சுலின் இல்லை. அவரும் அவர் கணவரும் ஒரு மருத்துவப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சீனர் இடம் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், எருமைகளின் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் காய்ச்சினார்கள். முயலுக்குப் போட்டுச் சோதித்தார்கள். பழுப்பு நிறத்தில் இருந்த அந்த மருந்தை ஈவா முதலில் தன் உடம்பில்தான் குத்திக்கொண்டார். பிறகு அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்து, நாடு நாடாகப் போய், 2002 வரை வாழ்ந்தார் ஈவா.

எருமைக் கணையத்தைக் காய்ச்சிப் பிழைத்த ஒருத்தி அறுபது வருடம் வாழ முடிந்தது. இன்றைக்கு நம்மிடம் என்ன இல்லை? ஜோகூரிலேயே இன்சுலின் தொழிற்சாலை இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் டாக்டர் பார்க்கிறார். முடியைப் போல மெல்லிய, நான்கு மில்லிமீட்டர் ஊசி இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது நாம் பயப்படலாமா?

சரி, உயிரோடு இருப்பது மட்டும் போதுமா? கண், கால், சிறுநீரகம் இவையெல்லாம் நன்றாக இருக்குமா? நியாயமான கேள்வி. இதற்கும் பதில் இருக்கிறது. ஒரு டாக்டரின் ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை; பத்து வருட ஆய்வின் முடிவாகச் சொல்கிறேன்.

1983-இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைச் சேர்த்தார்கள். வயது பதின்மூன்று முதல் முப்பத்தொன்பது வரை. ஒரு பாதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி. மறுபாதிப் பேருக்கு மூன்று, நான்கு ஊசி அல்லது பம்ப். நாளுக்குப் பலமுறை விரலில் குத்திச் சீனி பார்த்து, சாப்பாட்டுக்குத் தக்கபடி அளவை மாற்றினார்கள். மூன்று மாதச் சீனி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி, முதல் பாதிக்கு 9 விழுக்காட்டு அளவிலும் மறுபாதிக்கு 7 அளவிலும் நின்றது. 1993-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஏன்? வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டது. நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் ஆபத்து 76 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகப் பாதிப்பு 50 விழுக்காடு குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் அசைத்தது. ஆய்வு முடிந்ததும் எல்லாருக்கும் நல்ல சிகிச்சையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில வருடத்தில் இரண்டு பாதியின் ஹெச்பிஏ1சியும் ஏறக்குறைய ஒன்றாகி, 8 பக்கத்தில் வந்து நின்றது. வித்தியாசம் மறைந்திருக்க வேண்டாமா? மறையவில்லை. முதல் வருடங்களில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இருதய ரத்தக்குழாய் நோய்கள் 42 விழுக்காடு குறைவு என்று 2005-இல் தெரியவந்தது. சராசரி இருபத்தேழு வருடம் தொடர்ந்து பார்த்த பிறகு, 2015-இல், அவர்களிடையே மரணமும் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். உடல் அந்த முதல் வருடங்களை மறக்கவில்லை.

பால்மரம் வெட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளமரத்தில் கத்தியை ஆழமாக விட்டுக் கட்டையைக் காயப்படுத்திவிட்டால், அந்த இடத்தில் பட்டை பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பின்னால் எவ்வளவு நேர்த்தியான கை வெட்டினாலும் அந்த முண்டு போகாது. முதல் பட்டையைப் பதமாக வெட்டிய மரமோ வருடக்கணக்கில் பால் கொடுக்கும். நோய் வந்த முதல் ஐந்து, பத்து வருடம் அந்த முதல் பட்டை. "சின்னப் பிள்ளைதானே, வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு ஆபத்தானது.

ஆனால் உண்மையை முழுக்கச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அதே ஆய்வில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சீனி கடுமையாக இறங்கி மயங்குவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. இன்றைய இன்சுலினும், கையில் ஒட்டும் சென்சாரும் அந்த ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. இருந்தும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், சீனி 4 mmol/L-க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

இன்னொரு உண்மை. அமெரிக்காவின் ஜோஸ்லின் மையம், ஐம்பது வருடம் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்கு 1970 முதல் பதக்கம் கொடுக்கிறது. அப்படிப் பதக்கம் வாங்கியவர்களை ஆராய்ந்தபோது, பலருக்குக் கண்ணும் சிறுநீரகமும் நன்றாகவே இருந்தன. எல்லாம் கட்டுப்பாட்டின் பலன்தானா? இல்லை, பிறப்பிலேயே கிடைத்த ஏதோ ஒரு பாதுகாப்பும் அவர்களுக்கு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரு பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு வந்தால், "நீ சரியாப் பார்த்துக்கல" என்று குத்திக்காட்டாதீர்கள். வருடம் ஒருமுறை கண், சிறுநீர், பாதம், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். சீக்கிரம் கண்டால் சீக்கிரம் தடுக்கலாம்.

அன்றாடம் இது எப்படி இருக்கும்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சீனி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏன் என்றே புரியாமல் தவிக்கும் பிள்ளைகள் கிளினிக்குக்கு வருவார்கள். வீட்டில் அப்பா, "திருட்டுத்தனமாச் சாப்பிடுறான் மிஸ்ஸி" என்பார். சட்டையைத் தூக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருக்கும். நாள்தோறும் அதே இடத்தில் குத்தியிருப்பான். ஏன் தெரியுமா? அங்கே வலிக்காது. ஆனால் அந்தக் கட்டிக்குள் போன மருந்து ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. பிள்ளை ஒன்றும் திருடவில்லை. வயிற்றில் இடது, வலது, தொடையில் இடது, வலது என்று இடம் மாற்றிக் குத்தச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். பெற்றோர்களே, திட்டும் முன் தொட்டுப் பாருங்கள்.

மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாசி லெமாக் சாப்பிடலாமா, ரொட்டி சானாய் சாப்பிடலாமா என்று பிள்ளைகள் கேட்கும். சாப்பிடலாம்; எவ்வளவு மாவுச்சத்து, அதற்கு எவ்வளவு ஊசி என்று கணக்குத் தெரிந்து சாப்பிடலாம். தைப்பூச விரதம்? டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு இருக்கலாம். ஆனால் சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் நாளிலும் நிறுத்தக் கூடாது.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை சீனி பார்க்க வேண்டும் என்றால், கழிவறைக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை தன் இடத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பழகட்டும். எலிசபெத் ஹியூஸ் அத்தனை வருடமும் தன் நோயை ஊரிடமிருந்து மறைத்தார். நம் பெண் பிள்ளைகளும் கல்யாணப் பேச்சு வரும் வயதில் அதையேதான் செய்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் விருந்தில் உட்கார்ந்து, ஊசி போடாமலே சாப்பிடுகிறார்கள். மறைப்பதற்காக ஒரு வேளை ஊசியை விடுகிற பெண்ணிடம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்? முதலில் அவள் வெளிப்படையாக வாழ இடம் கொடுங்கள். முன்கூட்டியே திட்டமிட்டு, சீனியைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு கருத்தரித்தால், அவளும் ஆரோக்கியமான பிள்ளையைப் பெற்றெடுக்க முடியும்.

பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். வாசிம் அக்ரம், பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர். 1997-இல் அவருக்கு இந்த நோய் வந்தது. ஒதுங்கினாரா? 2003 உலகக் கிண்ணத்தில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளானார். சோனியா சோட்டோமேயர் ஏழு வயதில் தனக்குத் தானே ஊசி போடப் பழகியவர். 2009-இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானார்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. "நாற்பத்தெட்டு நாளில் குணமாக்குகிறேன், ஊசியை நிறுத்து" என்று சொல்லும் ஆட்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். பாகற்காய்ச் சாறு குடியுங்கள், தவறில்லை. வெந்தயம் சாப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களில் ரத்தத்தில் அமிலம் ஏறும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், உயிர் போகும். நூறு வருடத்துக்கு முன் லயத்துப் பிள்ளைக்கு இல்லாத மருந்து உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அதை யார் சொல்லியும் நிறுத்தாதீர்கள்.

இன்னும் கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகளும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கலாம். தாகம் அடங்காமல் தண்ணீர் குடிக்கும் பிள்ளை, படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய பிறகு மறுபடி போகத் தொடங்கிய பிள்ளை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும் பிள்ளை, இப்படி யாரையாவது கண்டால் நாளை வரை காத்திருக்காதீர்கள். வயிற்றுவலி, வாந்தி என்று காற்றுக் கோளாறு மருந்து கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போய், "விரலில் குத்திச் சீனி பாருங்கள்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.